அமெரிக்கா வந்த அம்மா அப்பாவைக் கனடா கூட்டிப்போய்த் திரும்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறை தொடங்கினாலே எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, நயாகரா போறோம், அப்படியே டொராண்டோவையும் பார்த்துட்டு வந்துடறோம்." கூடவே இன்னொரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும்: "கனடா போய்ட்டு வந்தா இங்க தங்க இன்னொரு ஆறு மாசம் கிடைக்குமாமே?"

கிடைக்கும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள். அப்படிக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அன்றைக்கு எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரியின் முடிவு. உங்கள் உரிமை இல்லை. கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகள் ஆகிய பக்கத்து இடங்களுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்பினால், முதலில் கொடுத்த தங்கும் காலத்தில் மிச்சம் இருப்பதற்கே மறுபடி உள்ளே விடுவது வழக்கம். இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் பல வீடுகளில் பத்து வருட விசா பாழாகியிருக்கிறது.

பி2 என்ற சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காரோட்டும் பிள்ளைகளுக்கும் இதில் சேதி உண்டு.

முதலில், எந்தத் தேதி உங்கள் தேதி?

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் 2032, 2034 என்று ஒரு தேதி இருக்கும். அது, அந்த நாள் வரை அமெரிக்க வாசலில் வந்து நிற்கலாம் என்பதற்கான தேதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. 2013க்கு முன்பு விமானத்தில் வந்தவர்களுக்கு ஒரு வெள்ளைச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுப்பார்கள். இப்போது எல்லாம் கணினியில்தான். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் வந்துவிடும். "அட்மிட் அன்டில் டேட்" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அதுதான் உங்கள் தேதி.

தேடும்போது நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. இனிஷியல் போடும் வழக்கத்தால் நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அப்படிக் காலியாக விட மாட்டார்கள். இருக்கிற பெயரைச் சர்நேம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்-என்-யு என்று போட்டுவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தேடினால் "பதிவு இல்லை" என்று வரும். விசாவில் இருக்கிறபடி தேடுங்கள், கிடைக்கும். என் மாமனார் பதிவு கிடைக்காமல் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் அந்த மூன்று எழுத்தை அடித்ததும் வந்துவிட்டது.

இன்னொன்று. பி2வில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். ஆனால் பாஸ்போர்ட் அதற்குள்ளேயே காலாவதியாகிறது என்றால், அந்தத் தேதியோடு ஐ-94ஐயும் நிறுத்திவிடுவது உண்டு. என் அப்பாவுக்கு அதுதான் நடந்தது. விசாவில் இன்னும் ஏழு வருடம் இருக்கிறதே என்று நான் வேறெதையும் பார்க்கவே இல்லை. கனடா பயணத்துக்காக ஐ-94ஐப் பிரிண்ட் எடுத்தபோதுதான், நான்கே மாதம் கொடுத்திருப்பது தெரிந்தது. கனடாவை விட்டோம், ஊர் டிக்கெட்டை ஐந்து வாரம் முன்கூட்டியே கிளம்பும்படி மாற்றினோம். தப்பு என்னுடையது. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா கிழியாமல், ரத்தாகாமல் இருந்தால் செல்லும். பழையது புதியது இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தால் போதும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

அம்மா ஏப்ரல் 10 வந்து இறங்குகிறார். ஐ-94 அக்டோபர் 9 வரை. ஆகஸ்டில் நான்கு நாள் டொராண்டோ போய்த் திரும்புகிறீர்கள். திரும்பிய பிறகும் அம்மாவுடைய தேதி அக்டோபர் 9 என்றே வைத்துக்கொண்டு ஊர் டிக்கெட்டைப் போடுங்கள். அதிகாரி புதிதாக பிப்ரவரி வரை கொடுத்தால் சந்தோஷம்; கொடுக்கவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாற்றி யோசித்து, "கனடா போய்வந்தாச்சே" என்று நவம்பர் டிக்கெட் போட்டால் என்ன ஆகும்? புதுத் தேதி கிடைக்காமல் அக்டோபர் 9 தாண்டி ஒரே ஒரு நாள் இருந்தாலும் சட்டப்படி அந்த விசா தானாகவே செத்துவிடும். 2032 என்று ஒட்டியிருப்பதற்கு மதிப்பில்லை. சொந்த நாட்டுக்குப் போய்ப் புதிதாக மனுப் போட வேண்டும். 180 நாளுக்கு மேல் மீறி இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடத் தடை.

உண்மையிலேயே கூடுதல் நாள் வேண்டும் என்றால், அதற்கென்று ஐ-539 என்ற படிவம் இருக்கிறது. ஐ-94 தேதி முடிவதற்குள் போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது எல்லை தாண்டிப் போகாதீர்கள். இரண்டையும் கலந்தால் சாவடியில் விளக்கிச் சொல்லி முடியாது.

என்னைக் கேட்டால், ஐ-94இல் ஒரு மாதத்துக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்போது கனடா பக்கமே போக வேண்டாம். கடைசி நேரத்தில் வெளியே போய் உள்ளே வருபவரைப் பார்த்தால், நாளை நீட்டத்தான் வருகிறார் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும்.

கனடாவுக்குள் போக என்ன வேண்டும்?

அமெரிக்க விசா இருக்கிறதே என்று கனடா விடாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவருக்குக் கனடாவின் சுற்றுலா விசா தனியாக வேண்டும். மனுவுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை ஒரு தடவை கொடுத்தால் பத்து வருடம் வரும். மகன் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தால் அவருக்கும் இதே விசா வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு விசா தேவையில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 26 முதல் கார்டோடு செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும். ஒரே காரில் போகும் நான்கு பேருக்கு நான்கு விதி என்பது நம் வீடுகளில் சாதாரணம். கிளம்புவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வரியாகத் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

கனடா விசாவை அமெரிக்காவில் இருந்துகொண்டே போடலாம்தான். ஆனால் விசா கிடைத்ததும் அதை ஒட்டும் ஸ்டாம்பிங்குக்குப் பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். ஆறு மாதம் தங்க வந்தவருக்கு அந்தக் காத்திருப்பே பாதிக் கோடையைத் தின்றுவிடும். கனடா போகும் எண்ணம் இருந்தால் ஊரில் இருக்கும்போதே, சென்னையிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தோம், அலைச்சலே இல்லை.

மெக்சிகோ கொஞ்சம் சுலபம். செல்லுபடியாகும் பலமுறை அமெரிக்க விசா இருந்தால் இந்தியருக்குத் தனி விசா கேட்பதில்லை. கான்கூன் கடற்கரைக்கு நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போவது இதனால்தான்.

இந்த விசா வேலையெல்லாம் வேண்டாம், அருவியைப் பார்த்தால் போதும் என்பவருக்கு அமெரிக்கப் பக்கமே தாராளம். கோட் ஐலண்டில் டெர்ரபின் பாயின்ட் என்ற முனையில் நின்றால் குதிரைலாட அருவி காலடியில் விழும். முழு அருவியும் எதிரே விரிந்து தெரிவது கனடாப் பக்கத்தில்தான், ஒப்புக்கொள்கிறேன். வயதானவர்களைச் சாவடியில் உட்கார வைக்கும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்கப் பக்கத்தோடு நிற்பதாக இருந்தாலும் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டுக் காரெடுக்காதீர்கள். நயாகரா, பஃபலோ, டெட்ராய்ட் பக்கம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நேரே பாலத்தில்தான் போய் நிற்பீர்கள். நடுவில் திரும்ப வழி இருக்காது. கனடாச் சாவடி வரை போய், அவர்கள் திருப்பி அனுப்பி, மறுபடி அமெரிக்கச் சாவடியில் வரிசையில் நின்றுதான் உள்ளே வர வேண்டும்.

விசாவில் 'எம்' இருக்கிறதா?

விசா ஒட்டியில் "என்ட்ரீஸ்" என்ற கட்டத்தில் 'எம்' என்று இருந்தால் பலமுறை வரலாம். எண் இருந்தால் அத்தனை முறைதான். இந்தியர்களின் பி2 விசாவில் பெரும்பாலும் 'எம்'தான் இருக்கும், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எண் தீர்ந்துபோன விசா, காலாவதியான விசா என்றால் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்று ஒரு விதி இருக்கிறது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய், 30 நாளுக்குள் திரும்பி, ஐ-94 தேதியும் முடியாமல், பாஸ்போர்ட்டும் சரியாக இருந்தால், தேதி போன விசாவைச் செல்லும் விசாவாகவே எடுத்துக்கொள்வார்கள். எச்1பிப் பிள்ளைகள் இதை வைத்துத்தான் ஸ்டாம்பிங் இல்லாமலே டொராண்டோ போய் வருகிறார்கள். எச்1பி நீட்டிப்பின் ஒப்புதல் தாளின் அடியில் புது ஐ-94 வந்திருந்தால் அந்த மூலத் தாளையே எடுத்துப் போக வேண்டும், போனில் படம் போதாது.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. கனடாவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு மனுப் போட்டுவிட்டால் இந்தச் சலுகை அந்தப் பயணத்துக்குப் போய்விடும். விசா கிடைக்கவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தது, அமெரிக்க விசா காலாவதி ஆனவருக்கு மெக்சிகோவின் விசா விலக்கு கிடையாது. திரும்பி வரச் சட்டம் விடும், உள்ளே போகத்தான் மெக்சிகோ விடாது! விமான நிலையத்தில் செக்-இன் செய்பவருக்கு இந்த ரீவேலிடேஷன் விதி தெரியாமல் போகலாம். ஃபெடரல் விதித்தொகுப்பு 22, பிரிவு 41.112(டி). ஒரு பிரதி எடுத்துப் பையில் வையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு கவரில்

ஆளுக்கு ஒரு கவர் போடுங்கள். பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், ஐ-94 பிரிண்ட், ஊருக்குத் திரும்பும் டிக்கெட், தங்கியிருக்கும் வீட்டு முகவரி, மகனோ மகளோ வைத்திருக்கும் விசா அல்லது கார்டின் நகல். இவற்றில் திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். சுற்றிப்பார்க்க வருகிறேன் என்பவர் குடியேறத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்பதை நீ நிரூபி என்கிறது அமெரிக்கச் சட்டம். ஒவ்வொரு தடவை வாசலில் நிற்கும்போதும் அந்தப் பொறுப்பு நம் தலையில்தான். அக்டோபர் 1ஆம் தேதி சென்னை டிக்கெட் பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு எடுத்துப் போங்கள். பெற்றோருக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் கனடாவிலும் செல்லுமா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்; இல்லை என்றால் நான்கு நாளுக்குத் தனியாக எடுப்பது நல்லது.

பாலமா, விமானமா?

டொராண்டோவிலிருந்து விமானத்தில் திரும்பினால் அமெரிக்க இமிக்ரேஷன் டொராண்டோ விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். மாண்ட்ரியல், வான்கூவர், கால்கரி, ஒட்டாவாவிலும் அப்படித்தான். விமானம் ஏறும் முன்பே கேள்வி, கைரேகை எல்லாம். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். எனவே கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு போங்கள். வரிசையில் மாட்டி விமானத்தை விட்டவர்கள் உண்டு.

காரில் என்றால் நயாகராவில் ரெயின்போ பாலம். 1941இல் திறந்தது, லாரிகளுக்கு அனுமதி இல்லை. நடந்தும் கடக்கலாம், நடுவில் எல்லைக்கோட்டைக் காட்டும் பலகையில் ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே வைத்துப் படம் எடுக்காத தமிழர் இருக்க மாட்டார். பஃபலோ பக்கம் பீஸ் பாலம், வடக்கே லூயிஸ்டன்-குவீன்ஸ்டன் பாலம். வேர்ல்பூல் பாலம், முன்பே சரிபார்த்துக் கொடுக்கும் நெக்சஸ் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், அந்தப் பக்கம் திரும்பிவிடாதீர்கள். ஞாயிறு மாலையில் எல்லாப் பாலமும் நிரம்பி வழியும். திங்கள் காலை கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள்.

சாவடியில்

எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒரே கட்டாக ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பின் ஜன்னலையும் இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். எங்கே போனீர்கள், எத்தனை நாள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், எப்போது ஊருக்குப் போகிறீர்கள்: அநேகமாக இவ்வளவுதான். அம்மாவிடம் நேராகக் கேட்டால் அம்மாவே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் வரவில்லை என்றால் "தமிழ்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்க்கலாமா என்று அதிகாரியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி. "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டால் நம் அம்மாக்கள் பெருமையாக, "பேரனைப் பார்த்துக்க வந்திருக்கேன், அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க" என்பார்கள். பேரனைப் பார்க்க வந்ததும் உண்மை, அவனோடு இருப்பதும் உண்மை. ஆனால் 'பார்த்துக்க' என்பதை அதிகாரி ஆயா வேலை என்று காதில் வாங்கினால், சுற்றுலா விசாவில் வேலையா என்று அடுத்த கேள்வி வரும். அம்மாவிடம் முன்பே இதைப் புரிய வையுங்கள். ஆயாவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்பதற்காகவே நீங்கள் வரவழைத்திருந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியது அம்மாவின் பதிலில் இல்லை.

பிறகு சாப்பாட்டுச் சாமான். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர் கடைகளைப் பார்த்ததும் அம்மா கோயம்பேடு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டார். முருங்கைக்காய், பச்சைக் கத்தரிக்காய், கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை. திரும்பும்போது சாவடியில் காய்கறி, பழம் ஏதாவது உண்டா என்று கேட்டார் அதிகாரி. நான் திரும்பி, "காய், பழம் ஏதும் இருக்காம்மா?" என்றேன். "காயெல்லாம் நேத்தே சாம்பார்ல போட்டாச்சே" என்றார். "கறிவேப்பிலை?" "அது காயா? இலைதானடா!"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கார் ஓரமாகப் போனது. உள்ளே கையுறை போட்டவர் ஒருவர் கட்டைப் பிரித்து, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மூடியுள்ள தொட்டியில் போட்டார். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால்தான் பச்சைக் கறிவேப்பிலையை விடுவதில்லை. முன்பே சொன்னதால் அபராதம் இல்லை. சொல்லாமல் பையில் பிடிபட்டிருந்தால் அபராதத்தோடு அந்தக் குறிப்பும் அம்மா பெயரில் ஏறியிருக்கும். பத்தாயிரம் டாலருக்கு மேல் பணம் கையில் இருந்தாலும் இதே கதைதான். எடுத்துவரத் தடையில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

"உள்ளே வாங்க" என்றால்

ஐ-94 சரிபார்க்க, கைரேகை எடுக்க என்று செகண்டரி என்ற இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்புவது சகஜம். காரை ஓரமாக விட்டு உள்ளே உட்கார வேண்டும். அரை மணியும் ஆகும், இரண்டு மணியும் ஆகும். சர்க்கரை இருப்பவர்கள் பாலம் ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அங்கே போனை எடுத்து நோண்டாதீர்கள். 2025 டிசம்பர் 26 முதல் எல்லா வயது வெளிநாட்டவரையும் முகப்படம் எடுக்கலாம் என்று விதி வந்துவிட்டது, "எண்பது வயசுத் தாத்தாவுக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை.

பழைய ஐ-94 உயிரோடு இருந்தால் புதிது தேவையில்லை. தரைவழியில் புதிதாக எடுக்க நேர்ந்தால் கட்டணம் உண்டு. நெடுநாள் 6 டாலராக இருந்தது, 2025 செப்டம்பர் 30 முதல் 30 டாலர்.

வீட்டுக்கு வந்ததும்

பெட்டியைப் பிரிக்கும் முன்பு ஐ-94 தளத்தைத் திறந்து ஆளாளுக்குப் பாருங்கள். தேதி மாறியிருந்தால் புதியதைப் பிரிண்ட் எடுங்கள். அதுதான் இனி உங்கள் தேதி. மாறவில்லை என்றால் பழையதே. பெயரோ, விசா வகையோ, தேதியோ தப்பாக ஏறியிருந்தால் டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன் என்ற அலுவலகத்தில் திருத்துவார்கள். பல பெரிய விமான நிலையங்களில் அது உண்டு. முதல் வாரத்திலேயே போங்கள், ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் இல்லை.

தரைவழியாக வெளியேறும்போது அமெரிக்கா முத்திரை குத்துவதில்லை. கனடா தன் பக்கம் பதியும் வருகையே அமெரிக்காவில் வெளியேறிய பதிவாகப் போய்ச் சேர்கிறது. 2013 முதல் இரண்டு நாடும் வெளிநாட்டவர் விவரத்தை இப்படிப் பகிர்கின்றன. இருந்தாலும் டொராண்டோ ஹோட்டல் ரசீது, டோல் கட்டிய சீட்டு, கடைசியாகச் சென்னை விமானத்தின் போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் அந்தக் கவரிலேயே போட்டு, அம்மா ஊருக்குக் கிளம்பும்போது கைப்பையில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை வரும்போது அதே கவர் வேண்டியிருக்கும்.